மார்ச் மாதத்து மிச்சம்

உடையப்பன் தலைவராக வந்த நாளிலிருந்து எங்கள் விடுதிக்கு ஒரு வருஷம்கூட நஷ்டம் வந்ததில்லை. இதை அவரே சொல்வார். ஆண்டுக் கூட்டத்து அழைப்பிதழிலும் அச்சடித்துக்கொள்வார். பதினோரு வருஷமாக அவர் சொன்ன மிச்சத்துக்குக் கீழே, பொருளாளர் என்று போட்டிருக்கும் இடத்தில், நாகம்மை என்று கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் அவரைப் பற்றி நான் சொல்வதில் பாதி எனக்கும் சேரும்.

விடுதி, செக்காலை சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. காளையார்கோவில் பக்கமிருந்தும் ஒக்கூர்ப் பக்கமிருந்தும் காரைக்குடிக்குப் படிக்க வரும் பெண்பிள்ளைகள் நூற்றிருபது பேர். ஊழியர் பதினோரு பேர். ஊரார் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை. கட்டணம் குறைவு, பற்றாததை நன்கொடை நிரப்பும். இருபத்தைந்து வருஷமாக நடக்கிறது. அதில் இருபத்திரண்டு வருஷம் நடத்தியது தலைமைச் சமையல்காரி சோணையம்மாள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அழைப்பிதழில் இடம் நிரப்ப.

மிச்சம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் பத்தாம் தேதிக்குப் பிறகு விடுதியிலிருந்து ஒரு பைசா வெளியே போகாது. மளிகைக் கடை பில், கேஸ் பில், காய்கறிக்காரர் சீட்டு, மோட்டார் பழுது பார்த்தவர் கூலி எல்லாம் அலமாரிக்கு மேலே இருக்கும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும். ஏப்ரல் பிறந்த பிறகுதான் டின் திறக்கும். அதே மார்ச்சில், ஜூனில் தொடங்கப்போகும் படிப்புக்கான முதல் தவணையைத் தலைக்கு ஏழாயிரம் என்று இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டாத பிள்ளைக்கு இடம் கிடையாது. அடுத்த வருஷத்துக் காசு முன்னாலேயே வந்துவிடும். இந்த வருஷத்துச் செலவு பின்னால் போகும். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பாங்கில் நிற்கும் தொகைக்குப் பெயர் மிச்சம்.

செக்காலைக் கடைக்காரர்களுக்கு இது பழகிப்போய், அவர்களே பில்லில் ஏப்ரல் தேதி போட்டு அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். பால்காரர் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு உடையப்பன் தன் கைக்காசைக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் இரண்டாம் தேதி விடுதியிலிருந்து திருப்பி எடுத்துக்கொள்வார். அதைத் தன்னுடைய தியாகங்களில் ஒன்றாக மேடையில் சொல்லியும் இருக்கிறார்.

பழைய ஆடிட்டர் கோபிநாத் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. பார்க்கும்படி யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. அவர் போன வருஷம் தொழிலை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அவருடைய அலுவலகத்தை எடுத்து நடத்துகிறவள் சத்தியப்பிரியா. முப்பத்திரண்டு வயது, சிவகங்கைப் பெண். ஏப்ரல் முதல் வாரம் வந்து உட்கார்ந்தாள். வந்த அன்றைக்கே டின்னை இறக்கச் சொன்னாள்.

பில்லில் இருந்த ஏப்ரல் தேதிகளை அவள் நம்பவில்லை. சமையல்கட்டுக்குப் போய்ச் சோணையம்மாள் வைத்திருந்த ஸ்டோர் நோட்டைக் கேட்டு வாங்கி வந்தாள். அரிசி மூட்டை எந்தத் தேதியில் இறங்கியது, எண்ணெய் டின் எந்தத் தேதியில் வந்தது என்று சோணையம்மாள் கோணல்மாணலான எழுத்தில் நாள் தவறாமல் எழுதியிருந்தாள். ஏப்ரல் தேதி போட்ட அரிசியைப் பிள்ளைகள் மார்ச் பதினைந்திலேயே தின்று முடித்திருந்தார்கள்.

உடையப்பன் பதினொரு மணிக்கு வந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு சிமெண்டுக் கடையும் ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. இரண்டு இடத்திலும் நிற்கிற மாதிரியே விடுதியிலும் நிற்பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“இது மார்ச் செலவு சார்” என்றாள் சத்தியப்பிரியா.

“காசு குடுத்தாச்சா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படிம்மா செலவு? நம்மகிட்ட கேஷ் பேசிஸ். காசு வந்தா வரவு, காசு போனாச் செலவு. இங்குட்டு இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் பாப்பா.”

கேஷ் பேசிஸ் என்பதைக் கோபிநாத்திடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. சாமி பெயரைச் சொல்கிற பக்தியோடு அதைச் சொல்வார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். கையில் இருக்கும் காசை மட்டும் எழுதுவது ஒரு விதம். யாருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, யாரிடமிருந்து எதற்காக முன்னாலேயே வாங்கி வைத்திருக்கிறோம் என்பதையும் அந்தந்த வருஷத்திலேயே எழுதுவது இன்னொரு விதம். அதற்குப் பெயர் அக்ரூவல். சின்ன அமைப்புகள் முதல் விதத்தில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் எழுதாததால் கடன் இல்லாமல் போய்விடாது. உடையப்பன் சிரித்தார். வருமான வரிக்காரனே கொடுத்ததைத்தான் செலவு என்று ஒத்துக்கொள்கிறான், நீ அவனுக்கும் மேலே போகிறாயா என்று கேட்டார்.

“அது அவுகளுக்கு நாம எழுதிக் குடுக்கிற படிவம் சார். நீங்க யாருக்குப் பாக்கின்னு அவுக கவலப்பட மாட்டாக. அது ஒங்க கவல.”

“எனக்கு ஒரு கவலையும் இல்ல” என்றார் உடையப்பன். அது உண்மை. அவரிடம் நான் கேட்ட உண்மைகளில் அது ஒன்று.

அவருக்கு இருந்தது ஆசை. வெள்ளி விழா வருஷம். சந்து முனையில் ஒரு நுழைவாயில் வளைவு, அதன் நெற்றியில் அவருடைய தகப்பனார் பெயர், பன்னிரண்டு லட்சம் ரூபாய். இந்த வருஷத்து மிச்சம் பதினாலு லட்சத்து அறுபதாயிரம். ஆண்டுக் கூட்டம் ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் சம்மதிக்கும் முன்பே இரண்டு தூணுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. சிமெண்டு அவர் கடையிலிருந்து. அந்தப் பில் மட்டும் டின்னுக்குள் போகவில்லை. மூட்டை இறங்கிய அன்றே செக் கிழிக்கச் சொன்னார். நான்தான் கிழித்தேன்.

மே மாதக் கடைசியோடு சோணையம்மாளுக்கு வேலை முடிகிறது. அறுபது வயது. இருபத்திரண்டு வருஷம். காளையார்கோவிலுக்கு அங்குட்டு ஒரு கிராமத்தில் அவளுக்கு இரண்டு சென்ட் இடம் உண்டு. அதில் சுவர் எழுப்பி, ஜன்னலுக்கு மேல்மட்டம் வரை வந்து, ஆறு வருஷமாக அப்படியே நிற்கிறது. மேலே தளம் போட ஒன்றரை லட்சம் வேண்டும். தளம் இல்லாததால் இத்தனை நாளும் அவள் விடுதி ஸ்டோர் ரூமிலேயே படுத்துக்கொண்டாள். ஜூன் முதல் தேதி அந்த அறை வேறொருத்திக்கு. அதற்கு மேல் மருமகன் வீடுதான். அவன் தை மாதமே பெண்டாட்டியிடம், ஒங்கம்மா வந்தா சமையலாச்சும் நடக்கும் என்று சொல்லியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் நூற்றிருபது பேருக்கு ஆக்கியவள், அடுத்த இருபது வருஷம் அவனுக்கு ஆக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

தை மாதமே அவள் உடையப்பனிடம் கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்றார். பங்குனியில் என்னிடம் வந்தாள். “ஆச்சி, போகும்போது ஏதோ குடுப்பாகளாமே. எனக்கு உண்டா?” என்றாள். தலைவரைக் கேளு என்றேன். இதையும் எழுதிவைத்தால்தான் கணக்கு சரியாகும்.

சத்தியப்பிரியா பதினோரு ஊழியரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, சேர்ந்த வருஷத்தையும் சம்பளத்தையும் குறித்துக்கொண்டாள். சோணையம்மாளைப் பார்க்கச் சமையல்கட்டுக்கே போனாள். நானும் கூடப் போனேன். அவள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வருஷத்தக் கேக்கீக ஆடிட்டரம்மா?”

“கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை, கணக்குப் போடத்தான். பத்துப் பேருக்கு மேல வேலை பாக்கிற எடம் இது. குடுத்தே ஆகணும். மாசச் சம்பளம் பதிமூணாயிரம். அத இருபத்தாறால வகுத்துப் பதினஞ்சால பெருக்கணும். வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு வரும்.”

சோணையம்மாள் கத்தியை நிறுத்தவில்லை. நான்கு காய் நறுக்கும் நேரம்தான். “ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம்” என்றாள். சத்தியப்பிரியா போனை எடுத்துத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

“இது நான் போகும்போது அவுக மனசு வச்சுக் குடுக்கிறதா?”

“இல்ல. நீங்க வேலை பாத்த ஒவ்வொரு வருஷமும் ஒங்களுக்குச் சேந்துக்கிட்டே வந்தது. யாரும் எழுதல, அவ்வளவுதான்.”

“சேந்துக்கிட்டே வந்துச்சாம்” என்று சோணையம்மாள் முருங்கைக்காயிடம் சொன்னாள்.

இதற்கிடையில் பிப்ரவரி, மார்ச் வவுச்சர்கள் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பொறுப்பு செல்வம். பத்து வருஷமாக அலுவலகத்தில் இருக்கிறவர். தலைவர் சொன்னால் உட்காருவார், சொன்னால் எழுந்திருப்பார். ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு, தலைவர் ஒரு வேலை கொடுத்திருந்தார் என்றார். என்ன வேலை என்று கேட்டதற்குத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

உடையப்பன் வீட்டு மொய் நோட்டு. வைகாசியில் பேரனுக்குக் காது குத்து. அதற்குள் தகப்பனார் காலத்திலிருந்து இருந்த ஏழு நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் கல்யாணம், காது குத்து என்றால் உறவும் ஊரும் பணம் எழுதும். அதற்குச் செய்முறை என்று பெயர். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். யார் நமக்குச் செய்தார்கள், நாம் யாருக்குச் செய்தோம், யாரிடம் இன்னும் வர வேண்டும், யாருக்கு இன்னும் போக வேண்டும் என்று நான்கு பத்தி. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வீடு. ஒக்கூர் சின்னக்கருப்பன் என்ற பெயருக்கு நேரே, இறந்துவிட்டார், மகனிடம் வர வேண்டும் என்று குறிப்பு. இன்னொருவர் துபாயில், தங்கையிடம் கேட்கவும் என்று குறிப்பு. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஐம்பத்தொரு ரூபாய்கூட விடுபடவில்லை.

சத்தியப்பிரியா அந்தப் பத்து நாளில் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

“ஆச்சி, இங்க வந்து பாருங்க. காரைக்குடியிலேயே சுத்தமான அக்ரூவல் கணக்கு இதுதான். யாரு இவருக்குச் சொல்லிக் குடுத்தா?”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். செல்வம் திரையை மேலே நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

சோணையம்மாள், சமையல். பத்து வருஷத்துக்கு முன், மகள் கல்யாணத்துக்கு நாம் செய்தது 2,001. நாலு வருஷத்துக்கு முன், நம் மகள் கல்யாணத்துக்கு வந்தது 2,500. நாம் செய்ய வேண்டியது 499.

எனக்குச் சோணையம்மாள் மகள் கல்யாணம் ஞாபகம் வந்தது. உடையப்பன் காரில்தான் போனேன். புறப்படும்போது அலுவலகக் கல்லாப் பெட்டியிலிருந்து இரண்டாயிரத்து ஒன்றை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு, “ஊழியர் நலன்னு ஒரு வவுச்சர் எழுதிருங்க ஆச்சி” என்றார். எழுதினேன். கல்யாண வீட்டு மேஜையில் கவரைக் கொடுத்து, உடையப்பன் என்று சொந்தப் பெயரில் எழுதச் சொன்னார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு பீரோவில் தேடியபோது வவுச்சர் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அழகாக இருந்தது.

கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. உறுப்பினர் அறுபது பேர் இருக்கும். முதல் வரிசையில் வெள்ளை வேட்டிகள். உடையப்பன் எழுந்து மிச்சத்தை அறிவித்தார். பதினாலு லட்சத்து அறுபதாயிரம் என்று இரண்டு தடவை சொன்னார். கை தட்டினார்கள். விடுதியில் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு வளைவுக்கான தீர்மானத்தை வாசித்துவிட்டு, ஆடிட்டர் பாப்பா இரண்டு நிமிஷம் பேசும் என்று உட்கார்ந்தார்.

அவள் ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்தாள். பாங்கில் இருப்பது பதினாலு லட்சத்து அறுபதாயிரம். அதில் அடுத்த வருஷத்துக்காகப் பிள்ளைகள் கட்டிய காசு எட்டு லட்சத்து நாற்பதாயிரம். சாப்பிட்டு முடித்த பொருளுக்குக் கடைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பாக்கி மூன்று லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். பதினோரு ஊழியருக்கு இதுவரை சேர்ந்திருக்கும் பணிக்கொடை ஆறு லட்சத்துப் பத்தாயிரம். ஆகக் கொடுக்க வேண்டியது பதினெட்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம். மிச்சம் இல்லை, மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பள்ளம்.

முதல் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், “அப்பக் காசு இருக்கா, இல்லையாம்மா?”

“காசு இருக்குய்யா. அது ஒங்க காசு இல்ல.”

உடையப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார். பாப்பா நன்றாகப் படித்த பெண் என்றார். படித்தவர்கள் இப்படித்தான் பயப்படுவார்கள் என்றார். “இன்னும் குடுக்கவே இல்ல, அதுக்குள்ள செலவுங்குது. நாளைக்குச் சாகப்போறோம்னு இன்னைக்கே எவனாச்சும் பந்தலுக்குக் காசு எழுதுவானா?” கூடம் சிரித்தது. முதல் வரிசை அதிகமாகச் சிரித்தது. சத்தியப்பிரியா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஊழியர்கள் வடைத் தட்டோடு பின்னால் நின்றிருந்தார்கள். சோணையம்மாள் தட்டை ஒரு பெஞ்சின் மேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். வடை எடுக்கக் கை நீட்டிய ஒருவர் நீட்டியபடியே இருந்தார்.

“ஐயா, வைகாசில பேரனுக்குக் காது குத்துறீகளாமே.”

“ஆமா. நீயும் வந்துரணும் சோணை” என்றார் உடையப்பன். இந்த நேரத்தில் இந்தப் பேச்சு வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

“வராம இருப்பேனா. செய்முறை எழுதணும்ல. ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் எழுதலாம்னு இருக்கேன்.”

முதல் வரிசை திரும்பிப் பார்த்தது.

“கையில இல்லய்யா. நீங்க எனக்குக் குடுக்க வேண்டியதுல கழிச்சு எழுதிக்கச் சொல்லுங்க. ஆயிரத்துக்கு மேல எழுதுனா ஒங்க வீட்டு விசேஷத்துல மைக்குல வாசிப்பாகள்ல. வாசிக்கட்டும். சமையக்காரி சோணையம்மா, ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம், ஆஸ்டல் பாக்கில கழிச்சதுன்னு.”

உடையப்பனின் முகம் வேலை செய்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுத விட்டால், சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வரும் உறவுக்கு நடுவே அது மைக்கில் ஒலிக்கும். அதோடு, அவள் வீட்டு விசேஷத்துக்கு அவர் அதற்கு மேல் திருப்பிச் செய்ய வேண்டும். எழுத விடாவிட்டால், ஒரு மனுஷி கொடுத்த செய்முறையைத் தள்ளியவர் ஆவார். அப்படித் தள்ளியவர் வீட்டு மேஜையில் மற்றவர்களும் யோசித்துத்தான் கவரை வைப்பார்கள்.

“அது வேற கணக்கு சோணை. இது வேற கணக்கு.”

“எது வேறய்யா? எனக்கு நானூத்தித் தொண்ணூத்தொம்பது ரூவா நீங்க செய்ய வேண்டியிருக்குன்னு ஒங்க நோட்டுல இருக்காமே. அத இன்னும் நீங்க குடுக்கலையே. குடுக்காதது எப்படி நோட்டுல ஏறுச்சு?”

செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் யாரும் சொல்லாமல் அவராகச் செய்த வேலை, அதைச் சோணையம்மாள் காதில் போட்டது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உடையப்பனுக்கு வந்த பதில்கள் எல்லாம் கேஷ் பேசிஸில் இருந்தன. என் முறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பதினோரு வருஷமாகக் கையெழுத்துப் போட்ட கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு எழுந்தேன்.

“அந்தக் கணக்கும் தப்பு” என்றேன். “சோணையம்மா மக கல்யாணத்துக்கு இவரு செஞ்ச ரெண்டாயிரத்து ஒண்ணு விடுதிக் காசு. ஊழியர் நலன்னு வவுச்சர் இருக்கு. நான் எழுதுனது.”

பதினெட்டு லட்சத்துக்கு வாயைத் திறக்காதவர்கள் இரண்டாயிரத்து ஒன்றுக்கு எழுந்து நின்றார்கள். அடுத்தவன் காசில் செய்முறை செய்வதா என்று ஒருவர் கேட்டார். சொந்தப் பெயரில் எழுதிக்கொண்டு, திருப்பி வந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதா என்று இன்னொருவர் கேட்டார். சற்று முன் அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் கட்டிய எட்டு லட்சத்தை வளைவாக்கப் பார்த்தது அவர்களில் யாருக்கும் உறைக்கவில்லை. கவர் மட்டும் உறைத்தது. அந்த வெட்கம் கெட்ட கூச்சலில்தான், ஊழியருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. வளைவு ஒத்திவைக்கப்பட்டது. தூண்கள் ஆளுயரத்துக்கு வந்திருந்தன, அப்படியே நின்றன.

உடையப்பன் தலைவராகவே இருந்தார். எங்கள் ஊரில் தலைவர்களை மாற்றுவதில்லை, தாமாகக் கழிந்தால்தான் உண்டு. ஆடிட்டரை மாற்ற வேண்டும் என்று ஒரு தாள் மட்டும் ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்தது. அதில் பொருளாளர் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

மே முப்பதாம் தேதி சோணையம்மாளுக்குச் செக் தயாரானது. அதோடு ஒரு கடிதம். தலைவரின் அன்பளிப்பாக என்று அச்சாகியிருந்தது. போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான். சோணையம்மாள் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடிக்கும் வரை உடையப்பன் செக்கைப் பிடித்தபடி காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல அன்பளிப்புன்னு இருக்கே” என்றாள்.

“எல்லாம் ஒண்ணுதான் சோணை.”

“ஒண்ணுன்னா மாத்திருங்க.”

செல்வம் மாற்றி எடுத்து வந்தார். சோணையம்மாளுக்கு இருபத்திரண்டு வருஷப் பணிக்கொடை என்று இருந்தது. அதைப் படித்த பிறகுதான் ரசீதில் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் போட்டோக்காரன் இன்னொரு விசேஷத்துக்குப் போய்விட்டான்.

காது குத்துக்கு அவள் போனாளா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். போகவில்லை. தளத்துக்குக் கம்பி கட்டும் வேலை இருந்தது.

ஆவணியில் புதுமனை புகுவிழா. ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே தளம், வெள்ளை அடித்த சுவர். சத்தியப்பிரியாவும் நானும் ஒரே காரில் போனோம். வாசலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் நாற்பது பக்க நோட்டு, பக்கத்தில் சோணையம்மாளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மருமகன் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தான். அவன் கிண்டிய லட்சணத்தைப் பற்றி அவள் எழுதிக்கொண்டே இரண்டு தடவை அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

உடையப்பனும் வந்தார். நோட்டில் பெயர் இருப்பதால் வராமல் இருக்க முடியாது. கவரை நீட்டினார். அவள் வாங்கி, அவர் முன்னாலேயே பிரித்து எண்ணினாள். ஐநூற்றொன்று. நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இரண்டு ரூபாய் சேர்த்திருந்தார்.

“இது ஒங்க கைக்காசா, ஆஸ்டல் காசாய்யா?”

“என் காசுதான்” என்றார் அவர், சுற்றிலும் பார்த்துவிட்டு.

“அப்ப ஒங்க நோட்டுல திருத்திக்கங்க. எம்மக கல்யாணத்துக்கு நீங்க செஞ்சது ஒண்ணும் இல்ல, அது ஆஸ்டல் செஞ்சது. நான் ஒங்களுக்குச் செஞ்சது ரெண்டாயிரத்து ஐநூறு. இந்த ஐநூத்தி ஒண்ணு போக, இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது நிக்குது.”

உடையப்பன் சட்டைப்பையைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டார்.

“அவசரமில்லய்யா” என்றாள் சோணையம்மாள், பேனாவை மூடிக்கொண்டே. “எழுதி வச்சிருக்கேன். உள்ள போயிச் சாப்பிடுங்க.”